வாடைக்கு வெட்டிய பாய்: கண்மாயில் ரிமோட் பாய்மரப் படகு

மதுரைப் பக்கத்துக் கண்மாய்களில் காற்றும் தண்ணீரும் சேர்ந்து கிடைப்பதில்லை. அம்மியையே பறக்கவைக்கும் ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது கண்மாய் வெடித்துக் கிடக்கும், உள்ளே ஆடு மாடு மேயும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து, பெரியாறு கால்வாயில் திறந்துவிட்ட தண்ணீரும் வந்து சேர்ந்து, உபரித் தண்ணீர் வழியும் கலிங்கைத் தொடும் அளவுக்குப் பெருகி நிற்கும்போது காற்று வடகிழக்கு வாடைக்கு மாறி மெலிந்துவிடும். நான் கட்டிய படகின் ஒவ்வொரு அங்குலமும் இந்த ஒரு கணக்கிலிருந்துதான் வந்தது.

நான் கட்டியது ரிமோட்டில் ஓட்டும் பாய்மரப் படகு. மோட்டார் கிடையாது, காற்றுதான் தள்ள வேண்டும். ஆர்ஜி65 என்ற வகை. நீளம் 65 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, இரண்டு பாயும் சேர்ந்து 2250 சதுர சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பெரிய கட்டுப்பாடுகள் இவைதான். மற்றதெல்லாம் கட்டுகிறவர் விருப்பம். அர்ஜென்டினாவில் பிறந்த வகை. வீட்டு மொட்டைமாடியில் வைத்து ஒட்டி முடித்துவிடலாம், பைக்கில் பின்னால் உட்காருகிறவர் மடியில் வைத்துக் கொண்டுபோகலாம்.

ஆள் ஏறி ஓட்டும் படகு ஆசை எனக்கும் உண்டு. ஆனால் ஒலிம்பிக்கில் ஓடும் ஐஎல்சிஏ 7 படகு 4.23 மீட்டர் நீளம், பாய் 7 சதுர மீட்டர். அதற்குச் சென்னைத் துறைமுகம் மாதிரி இடம் வேண்டும், பின்னாலேயே வரும் மீட்புப் படகு வேண்டும், கிளப் வேண்டும். சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் இருக்கிறது. சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டினார். இந்த விளையாட்டில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். விஷ்ணு சரவணன் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கினார். அவர்கள் ஓட்டிய வகைகளில் எல்லாருக்கும் ஒரே அச்சுப் படகு. காற்றைப் படிக்கிறவர்தான் ஜெயிக்க முடியும். எங்களுக்கும் அந்த முறைதான் சரி என்று பட்டது. நானும் சித்தப்பா மகனான தம்பியும் ஒரே அட்டை அச்சை வைத்து இரண்டு உடல்கள் செய்தோம். இரண்டு படகில் ஒன்று முந்தினால் காரணம் பாயிலோ கையிலோதான் இருக்கும்.

உடலுக்குத் தெர்மாகோல். மாசி வீதியில் அலங்காரச் சாமான் கடையில் கெட்டியான ரகமாகக் கேட்டு வாங்கினோம். இரண்டு பக்கமும் அந்த அட்டை அளவில் வெட்டிய பிளைவுட்டை ஆணி குத்தி நிறுத்தி, சூடான நிக்ரோம் கம்பியால் அறுத்தால் வெண்ணெய் மாதிரி இறங்குகிறது. அதன்மேல் மெல்லிய கண்ணாடி இழைத் துணி இரண்டு மடிப்பு, எபாக்சி பூச்சு. ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசினைத் தெர்மாகோல் மேல் தடவிவிடாதீர்கள், அது தெர்மாகோலைக் கரைத்துத் தின்றுவிடும். எபாக்சி கரைக்காது. ஆனால் நம் ஊர் வெயிலில் எபாக்சி கிண்ணத்திலேயே இறுகத் தொடங்கிவிடும், அதனால் விடியற்காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். நடுவில் பாயையும் சுக்கானையும் இழுக்கும் சர்வோவும் ரிமோட் சைகையை வாங்கும் ரிசீவரும் பேட்டரியும் உட்காரக் குடைந்துவிட்டு, முனையிலும் வாலிலும் தெர்மாகோலை அப்படியே விட்டோம். ஓட்டை விழுந்து தண்ணீர் புகுந்தாலும் படகு மூழ்காது. வாட்டர் பேப்பர் 120-ல் ஆரம்பித்து 400-ல் முடித்தோம். தேய்க்கும் வேலை அலுப்பானது, சொல்ல வேறொன்றும் இல்லை.

படகின் அடியில் அசையாமல் தொங்கும் தட்டைத் துடுப்பும் அதன் நுனியில் உள்ள ஈயக் குண்டும்தான் யோசனை கேட்டவை. தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணை பக்கம் திருவிழாவை ஒட்டி நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியைப் பார்த்திருந்தால் இது எளிதாகப் புரியும். வத்தை என்ற அந்தப் படகின் குறுக்கே நீளப் பலகை போட்டு, பாய் சாய்க்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஆட்கள் அதன் நுனிக்கு ஏறிப்போய் நிற்பார்கள். காற்று கூடினால் நுனிக்கு ஓடுவார்கள், குறைந்தால் உள்ளே வருவார்கள். எங்கள் படகில் அந்த ஆட்களின் வேலையை ஈயம் செய்கிறது. தண்ணீருக்கு 30 சென்டிமீட்டர் கீழே 450 கிராம் ஈயம். மொத்தப் படகும் ஒரு கிலோவைத் தொடாது. அதில் பாதி எடை குண்டிலேயே இருக்கிறது.

ஈயம் 327 டிகிரியில் உருகும். வலைக் கடையில் வாங்கிய ஈய மணிகளை மாமா தன் ஒர்க்ஷாப் முற்றத்தில், திறந்த வெளியில் உருக்கி ஊற்றிக் கொடுத்தார். பிளாஸ்டர் அச்சைப் பல நாள் வெயிலில் காயவைத்த பிறகுதான் கிட்டே கொண்டுபோக விட்டார். துளி ஈரம் இருந்தாலும் நீராவியாகி உருகிய ஈயத்தை முகத்தில் தெறித்துவிடும். வீட்டு அடுப்பிலும் சமையல் பாத்திரத்திலும் இதைச் செய்யவே கூடாது. ஈயப் புகை விஷம்.

வெளிநாட்டு வரைபடங்களில் துடுப்பு நேராகச் செங்குத்தாக இறங்கும், குண்டின் மூக்கு துடுப்புக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சுத்தமான குளத்துக்கு அது அருமையான வடிவம். நம் கண்மாயில் வேலம்பாசியும் ஆகாயத்தாமரை வேரும் உண்டு. செங்குத்துத் துடுப்பில் ஒரு பாசிக் கொடி மாட்டினால் படகு நின்றுவிடும், மாட்டியதைக் கரையிலிருந்து பார்க்கவும் முடியாது. அதனால் துடுப்பின் முன்விளிம்பை நன்றாகப் பின்னோக்கிச் சாய்த்தோம். குண்டின் மூக்கை அந்த விளிம்போடு வழுக்கலாக இணைத்தோம். கொடி பட்டாலும் விளிம்பிலேயே கீழே வழுக்கிப் போய்விடுகிறது. ஒன்று கவனிக்க வேண்டும். துடுப்பு சாய்ந்தால் அதன் நடுவிடம் பின்னால் போய்விடும், படகு காற்றை விட்டு மூக்கைத் திருப்பிக்கொள்ளப் பார்க்கும். அதற்கு ஈடாகத் துடுப்பின் அடிக்கட்டையை ஒரு விரற்கடை முன்னால் தள்ளிப் பதித்தோம். பம்ப்செட் தொட்டியில் மிதக்கவிட்டு, முன்னும் பின்னும் சமமாக உட்காருகிறதா என்று பார்த்து, பேட்டரியை நகர்த்திச் சரிசெய்தோம்.

இனி பாய். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

பாய் தட்டையான தாள் அல்ல. பறவை இறக்கை போல வளைவு இருந்தால்தான் எதிர்க்காற்றிலும் படகை இழுக்கும். 50 மைக்ரான் பாலியெஸ்டர் பிலிமை நான்கு பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு பட்டையின் ஒரு விளிம்பை மட்டும் நேராக வெட்டாமல் நடுவில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் புடைப்பாக வெட்ட வேண்டும். அந்த வளைந்த விளிம்பை அடுத்த பட்டையின் நேர் விளிம்போடு இருபக்க டேப்பில் ஒட்டும்போது பிலிம் தானாக வயிறு வைக்கிறது. புடைப்பு ஒரு மில்லிமீட்டர் கூடினால் வயிறு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆழமாகிவிடும். சமதளத்தில் ஒட்டினால் சுருக்கம் விழும், அதனால் பெரிய பிவிசி குழாயின் மேல் படுக்கப் போட்டு ஒட்டினோம்.

ஒரே உடல் இரண்டு இருந்ததால் பாயை மாற்றிச் செய்து ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. என் படகுக்கு ஆழ வயிற்றுப் பாய்: 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு 3 சென்டிமீட்டர் ஆழம். தம்பி படகுக்குத் தட்டையான பாய்: அதே அகலத்துக்கு 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. இரண்டிலும் பழைய ஆடியோ கேசட்டின் டேப்பைச் சின்னத் துண்டுகளாக வெட்டி ஒட்டினோம். காற்று பாயோடு ஒட்டி ஓடினால் துண்டு படிந்து பின்னோக்கிப் பறக்கும், காற்று பிரிந்தால் துள்ளும். இவ்வளவு லேசான, இவ்வளவு உண்மை பேசும் கருவி வேறு கிடையாது.

ஓட்டியது மேலூர் ரோட்டை விட்டு உள்ளே போகும் ஒரு கண்மாயில். யானைமலைக்குத் தெற்கே தண்ணீர் நிறைந்த இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன, ஆனால் வாடை அந்தப் பாறையைச் சுற்றிக்கொண்டு எட்டுத் திசையிலும் வருகிறது, பந்தயத்துக்கு ஆகாது. மாரியம்மன் தெப்பக்குளத்தைப் பற்றிப் பலர் கேட்டார்கள். தைப்பூசத்தில் அம்மனும் சுவாமியும் வலம் வரும் தண்ணீரில் நாங்கள் விளையாட்டுப் படகு விடுவதில்லை. கண்மாயிலும் மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்கினோம். வலை கட்டியிருக்கும் பக்கம் போவதில்லை, கூழைக்கடா இறங்கும் மூலைக்கும் போவதில்லை.

அந்தக் குத்தகைக்கார அண்ணன்தான் இடத்தைக் காட்டினார். நாங்கள் மடைப் படிக்கட்டில் நின்று படகை இறக்கப் போனோம். பார்த்துவிட்டு லாரி டியூபில் மிதந்தபடியே சத்தம் போட்டார்:

"தம்பி, வாடை அடிக்கையில இங்கன நிக்காதீங்க. காத்து கரைக்கு மேலயே போயிரும், கீழ எறங்காது. தெக்க கலிங்குக்குப் போங்க, அங்க தண்ணி மேல வரும்."

"அங்க ஆழம் இருக்குமாண்ணே?"

"இடுப்புக்கு மேல இருக்கு. ஒங்க படகுக்கு அது போதாதா?"

அவர் சொன்னதன் காரணம் நிலத்தின் வாட்டத்தில் இருக்கிறது. நம் பக்கத்தில் தரை மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. அதனால் பெரும்பாலான கண்மாய்க்குக் கரை கிழக்கே வளைந்து நிற்கும், உள்வாய் மேற்கே விரியும். மேற்கிலிருந்து வரும் ஆடிக் காற்று தண்ணீரைக் கடந்து கரையில் மோதும். வாடையோ கரையைத் தாண்டித்தான் தண்ணீருக்கு வர வேண்டும். கரையும் அதன்மேல் நிற்கும் பனையும் கருவேலமும் அதைத் தூக்கிவிடுகின்றன. கரை ஓரத்தில், அதன் உயரத்தைப்போலப் பல மடங்கு தூரத்துக்குக் காற்று செத்துக் கிடக்கும். வளைந்த கரையின் தென்கோடியில் நின்றால் மட்டும் வடகிழக்குக் காற்று திறந்த தண்ணீர் மேல் ஓடி நேராக நம் முகத்துக்கு வருகிறது. நின்றுபோன படகும் மெதுவாக நம்மிடமே மிதந்து வந்துவிடும்.

பந்தயத்துக்குக் காலி எண்ணெய் கேன் இரண்டு, ஆரஞ்சு பெயின்ட் அடித்து, கல் கட்டி இறக்கினோம். காற்று வரும் திசையில் ஒன்று, நம் பக்கம் ஒன்று. பெரிய படகுப் பந்தயத்தில் 5 நிமிஷ, 4 நிமிஷ, 1 நிமிஷச் சைகைகளுக்குப் பிறகு புறப்பாடு. நாங்கள் போனில் ஒரு நிமிஷக் கணக்கை மட்டும் ஓடவிட்டோம். காற்றை வலப்பக்கம் வாங்கிவரும் படகுக்கு இடப்பக்கம் வாங்கிவரும் படகு விலக வேண்டும். கேனைத் தொட்டால் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுத்தான் மேலே போகலாம். முதலில் வந்தவருக்கு 1 புள்ளி, அடுத்தவருக்கு 2. குறைந்த புள்ளிக்காரர் வெற்றி.

காலை எட்டு மணிக்கு மேல் காற்று எழும்பியது. எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது, 45 டிகிரி சாய்த்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டிவெட்டித்தான் ஏற வேண்டும். தம்பியின் தட்டைப் பாய் சத்தமில்லாமல் முன்னேறிக்கொண்டே இருந்தது. என் பாயில் பின்பக்க டேப் துண்டு ஓயாமல் துள்ளியது. மெல்லிய காற்றுக்கு ஆழமான வளைவைச் சுற்றி ஓடத் தெம்பில்லை, பாதியில் பிரிந்துவிடுகிறது. பாய்களை மாற்றிப் போட்டு ஓட்டினோம். இப்போது என் படகு முன்னே போனது. வெயில் ஏறி, காற்று கொஞ்சம் பலத்து, தண்ணீரில் சிற்றலை விழுந்ததும் ஆழப் பாய் முந்தத் தொடங்கியது. சிற்றலையில் படகைத் தள்ளிக்கொண்டு போக இழுவிசை வேண்டும், அதை ஆழப் பாய்தான் தருகிறது. இரண்டுக்கும் இடையில் எங்கே நிற்பது என்பதுதான் எங்கள் ஊருக்கான கேள்வி. நான் தட்டைப் பக்கமே சாய்கிறேன், ஏனென்றால் தை மாதம் வரை எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மெல்லிய காற்றுதான்.

பாயை மறந்துவிட்டுத் தண்ணீரைப் பார்க்கப் பழகியதில் இன்னும் அதிகம் கிடைத்தது. வாடை பனைமர இடைவெளிகள் வழியாகப் பட்டை பட்டையாக வருகிறது. அது விழும் இடத்தில் தண்ணீர் லேசாகக் கறுக்கும். கறுப்பு நகர்ந்து வருவதைப் பார்த்து, அது வந்து சேரும் இடத்தில் படகை முன்கூட்டியே நிறுத்திவைத்தால் பாயின் வித்தியாசத்தையெல்லாம் ஈடுகட்டிவிடலாம். தம்பியின் மகள், ஆறாம் வகுப்பு படிக்கிறாள், இதை எங்கள் இருவரையும்விடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். "பெரியப்பா, அந்தா வருது பாருங்க" என்று அவள் சொன்ன பக்கம் திருப்பினால் அடுத்த நிமிஷம் பாய் நிமிர்ந்து இழுக்கிறது.

மாசி பிறந்தால் தண்ணீர் வயலுக்குப் போய்விடும், 30 சென்டிமீட்டர் துடுப்பு சேற்றைத் தொடும். அதற்குள் 2.2 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு நடுத்தரப் பாயும், ஜிப் எனும் முன்பாயின் அடிக்கம்பு சுழலத் தூண்டில் ஸ்விவலும் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். இப்போது இருக்கும் முடிச்சு மெல்லிய காற்றில் சிக்குகிறது. மூன்றாவது உடலுக்கு அச்சு வெட்டியாயிற்று, அது அந்தப் பெண்ணுக்கு. அட்டை அச்சின் பிரதி வேண்டுமென்றால் மதுரை, மேலூர், திருமங்கலம் பக்கத்தில் யார் கேட்டாலும் தருகிறோம். ஒரே அச்சில் ஐந்து படகு சேர்ந்தால் புறப்பாட்டுக் கோட்டில் நெருக்கம் வரும், வழிவிடும் விதிகளுக்கு அப்போதுதான் வேலை வரும்.