முன் பிரேக் வாயை மூடியது

ஒருவழியாக என் சைக்கிளின் முன் பிரேக்கின் கிறீச் சத்தம் ஒழிந்தது. ரிம்மை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது, ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் பிரேக் கட்டையில் குத்தி நிற்கும் அலுமினியத் துணுக்குகளை ஊசியால் நோண்டி எடுப்பது, சக்கரத்தின் கோட்டம் எடுப்பது எல்லாம் ஏற்கெனவே ஆயிற்று. எதற்கும் மசியவில்லை. மிச்சம் இருந்தது கட்டையின் சாய்வுதான்.

வி-பிரேக் (இரண்டு கைகள் ரிம்மை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும் வகை) வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: வண்டி போகும் பக்கத்து நுனி முதலில் ரிம்மைத் தொட வேண்டும், பின் நுனியில் சுமார் 1 மி.மீ. இடைவெளி வேண்டும். பின் நுனியில் அட்டையை மடித்துச் செருகு, லீவரை இழுத்துக் கட்டு, நட்டை முறுக்கு என்று எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். முறுக்கும்போது கட்டையும் கூடவே திரும்புமே, அதற்கு என்ன செய்வது என்று யாரும் வாய் திறப்பதில்லை.

நட்டு இறுகும் கடைசிக் கால் சுற்றில்தான் வம்பே. வலது கட்டையின் மூக்கு, அதாவது முன் நுனி, ஸ்போக் பக்கம் இறங்கும், இடது கட்டையின் மூக்கு டயர் பக்கம் ஏறும். இரண்டுக்கும் ஒரே முறுக்குத்தான், ஆனால் நாம் எதிரெதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குகிறோம். ஏறிய கட்டை டயரின் பக்கச்சுவரை அறுக்கும். இறங்கியது ரிம்முக்குக் கீழே தொங்கி, தேயாத பாகம் உதடு மாதிரி நிற்கும். அதனால் வலது மூக்கை ஒரு மயிரிழை தூக்கியும், இடது மூக்கை அதே அளவு தாழ்த்தியும் வைத்து ஆரம்பித்தேன். மறையில் துளி கிரீஸ். பழைய ட்யூப் துண்டைச் சுற்றி, சின்ன ஸ்பானரால் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு, 5 மி.மீ. ஆலன் கீயை மெதுவாகத் திருப்பினால் கட்டை அசையவே இல்லை. காசு கொடுத்துச் செய்தாலும் இந்தச் சுத்தம் வராது, சொல்லிவிட்டேன்.

கட்டை பற்றி ஒரு வார்த்தை. பக்கத்துக் கடையில் கிடைப்பது கருங்கல். தேயவும் தேயாது, பிடிக்கவும் பிடிக்காது. மழைக்கு நன்றாக இருக்கும் என்று பேர் வாங்கிய கூல்-ஸ்டாப் கம்பெனியின் சால்மன் நிறக் கட்டையை ஐப்பசிக்குள் வரவழைக்க வேண்டும்.

அப்புறம் அப்பாவின் 28 அங்குல வண்டி இருக்கிறது. கேபிளுக்குப் பதில் இரும்புத் தண்டுகள் இழுக்கும் ராட் பிரேக். அதில் கட்டை ரிம்மின் பக்கவாட்டைப் பிடிக்காது, உள்பக்கமாக மேல்நோக்கி இழுபட்டு அழுத்தும். குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் என்பது பெயருக்குத்தான். தோல் கட்டை கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

சரி, என் வண்டியில் பின் பிரேக்கை இன்னும் தொடவில்லை. பிரேக் கம்பி நுழைந்து வரும் வளைகுழாய்க்குள் துரு ஏறி, லீவரை விட்டாலும் பிரேக்கின் கை பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஸ்பிரிங் திருகைத் திருகிப் பயனில்லை. 1.6 மி.மீ. உள்கம்பி இருக்கிறது, வெளி உறைதான் வாங்க வேண்டும்.