கானாங்கெளுத்திக்குப் பக்கத்தில் அப்பா

அப்பா 'தமிழ் நேசன்' கட்டுரைகளை வெட்டி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைப்பார். கடையில் பசை வாங்கமாட்டார். மைதாவைக் காய்ச்சித் தானே செய்துகொள்வார். 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019இல் நின்றது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார்.

எங்கள் வீடு பினாங்கு ஆயர் ஈத்தாமில். அக்டோபர் மழை விட்ட ஒரு காலையில் நோட்டைத் திறந்தேன். பசை தடவிய ஓரங்களில் தூசி நகர்ந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். தூசிக்குக் கால்கள் இருந்தன.

புத்தகப் பேன்கள். ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். "பேனா? சீப்பைக் கொண்டுவா" என்றார் அம்மா. தலைப்பேனுக்குத் தூரத்து உறவுதான், ஆனால் கடிக்காது. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணமும் மாவுப் பசையும்தான் அதற்குச் சாப்பாடு. அப்பா அறியாமலே விருந்து வைத்திருக்கிறார். வீடுகளில் அதிகம் காணப்படும் வகையில் ஆண் கிட்டத்தட்ட கிடையாது. பெண்ணே தனியாக முட்டையிட்டுப் பெருகுகிறது. "நம் வீடு மாதிரி" என்றார் அம்மா.

அந்துருண்டை போட்டுப் பார்த்தேன். வீடு நாறியதுதான் மிச்சம். மருந்தடித்தாலும் ஈரம் இருக்கும்வரை இவை திரும்பி வந்துவிடும். காற்றிலுள்ள ஈரத்தையே உடம்பில் இழுத்துக்கொண்டு வாழும் பூச்சி இது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் வற்றிச் செத்துவிடும். எங்கள் உள்ளறையில் கருவி காட்டியது 84. மாடிவீட்டுக் குழாய் கசிந்து சுவர் ஊறியிருந்தது. அதைச் சரிசெய்ய வைக்க மூன்று வாரம் படியேறினேன். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டேன்.

நோட்டுக்குள் இருந்தவற்றுக்கு உறைபெட்டிதான் வழி. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் சுற்றி, கானாங்கெளுத்திப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு வாரம் வைத்தேன். எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. குளிர் விடும்முன் பிரித்தால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும்.

மூன்றாம் நாள் மீன் எடுக்கப்போன அம்மா உறைபெட்டியைத் திறந்தபடியே நின்றார்.

"இன்னும் எத்தனை நாள்? கேமரன் மலைக்கே இரண்டு ஸ்வெட்டர் கொண்டுபோன மனிதர்."