யார் சுருதிக்கு யார்?

புல்லாங்குழல் கலைஞரின் தன்விவரக் குறிப்பு எப்படி இருக்கும் என்பது சபா செயலாளர்களுக்கு மனப்பாடம். இன்னாரிடம் குருகுலம், இந்த வயதில் அரங்கேற்றம், வானொலியில் ஏ கிரேடு, போய்வந்த நாடுகள், வாங்கிய விருதுகள். என்னுடையதும் அப்படித்தான். அறிவிப்பாளர் அதைப் படிக்கும்போது நான் மேடையில் குழலுக்குள் ஊதிச் சூடேற்றிக்கொண்டிருப்பேன். பாதி காதில் விழும், பாதி விழாது. என் தொழிலின் கட்டங்களைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அந்தக் காகிதத்தை விட்டுவிட்டு என் குழல் பையைத் திறந்து பார்க்கலாம். அதில் இருக்கும் ஒவ்வொரு மூங்கிலும் யாரோ ஒருவருடைய சுருதிக்காக வாங்கியது.

வீணைக்குத் தந்தியை முறுக்கும் பிருடை உண்டு, வயலினுக்கும் உண்டு. மிருதங்கத்தைத் தட்டிச் சுருதியை ஏற்றலாம், இறக்கலாம். குழலுக்கு அந்த வசதி கிடையாது. துளை போட்ட அன்றே அதன் சுருதி முடிவாகிவிடுகிறது. உதட்டில் வைத்துச் சாய்த்தால் ஓர் இழை நகரும், அவ்வளவுதான். ஆகவே தனிக் கச்சேரியில் நாங்கள் ராஜா. தம்பூராவும் வயலினும் மிருதங்கமும் எங்களுக்குச் சேர்ந்துகொள்ளும். வேறு யாருடைய மேடையில் ஏறினாலும் நாங்கள்தான் குழலை மாற்ற வேண்டும். இந்தச் சங்கடம் புரிந்த ஒரே ஜாதி கடம் வாசிப்பவர்கள். அவர்களும் சுருதிக்கு ஒரு பானையாகச் சுமந்துகொண்டு வருவார்கள்.

என் முதல் குழல் ஐந்து கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு; எண் ஏற ஏறச் சுருதி ஏறும், குழல் குட்டையாகும்). சிறுவர் விரலுக்கு எட்டும் நீளம். என் ஆசிரியர் மாலி பாணியில் வந்தவர். குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக நிமிர்த்தியவர் கும்பகோணத்துச் சரப சாஸ்திரி (1872–1904), கண்பார்வை இல்லாதவர். அவருடைய சீடர் பல்லடம் சஞ்சீவ ராவ் அதை நிலைநிறுத்தினார். பிறகு வந்த டி.ஆர். மகாலிங்கம் என்ற மாலி, மூச்சையும் விரலையும் பிடிக்கும் முறையையே மாற்றி, வாய்ப்பாட்டின் கமகங்களை, அதாவது சுர அசைவுகளை, குழலுக்குக் கொண்டுவந்தார். இதையெல்லாம் ஆசிரியர் வரலாறாகச் சொன்னதில்லை. தோடி ராக வர்ணத்தின் காந்தாரத்தை, அதாவது ‘க’ சுரத்தை, என்னிடம் கேட்பார். துளையைப் பாதி திறந்து, ரிஷபத்திலிருந்து (ரி) மத்யமத்தைத் (ம) தொட்டுத் திரும்பும் அந்த அசைவு அவர் மனதுக்கு ஒப்பும்வரை அடுத்த வரிக்குப் போக விடமாட்டார். அந்தக் காந்தாரம் பின்னால் ஒரு பெரிய தகராறுக்குக் காரணமாகப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

வானொலித் தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பி கிரேடில் தொடங்கி ஏறினேன், எல்லோரும் அப்படித்தான். திருவையாறு வேறு. தியாகராஜ ஆராதனையன்று அவருடைய ஐந்து பெரிய கீர்த்தனைகளான பஞ்சரத்னம் தொடங்குமுன் குழல் கலைஞர்கள் கூடிப் பைரவியில் ‘சேதுலாரா’ வாசிப்பது வழக்கம். அத்தனை பேரும் ஒரே சுருதிக் குழலோடு உட்கார வேண்டும். மூத்த வித்வான்களுக்கு நடுவே என் குழல் தனியாகக் காதில் விழவில்லை. அன்று எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சோறு போட்டது நாட்டியம். இதை வெளிப்படையாகச் சொல்லக் குழல்காரர்களில் பலர் தயங்குகிறார்கள், எனக்குத் தயக்கமில்லை. மார்கழி சீசனில் வாய்ப்பாட்டுக்குக் கிடைக்கும் மாலை நேரங்களில் தனி வாத்தியத்துக்கு விழும் பங்கு சிறியது. பரதநாட்டிய மேடையிலோ குழல் இல்லாமல் பதம் என்ற அபிநயப் பாடல் நகராது. அங்கே பாடுபவர் பெண்ணாக இருந்தால் ஐந்து கட்டை, ஆணாக இருந்தால் ஒன்று, ஒன்றரை. ஒரே வாரத்தில் இரண்டும் வரும். என் பை பருத்தது அந்த ஆண்டுகளில்தான். பாடகர் ஒரு வரியை முடித்து மூச்செடுக்கும் இடைவெளியில், நாயகியின் முகம் மாறுவதைப் பார்த்து, நான்கைந்து சுரங்களில் அதைச் சொல்லிவிட்டு விலக வேண்டும். நீட்டினால், தாளம் போட்டு ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கக்காரர் திரும்பிப் பார்ப்பார். எப்போது வாசிக்கக்கூடாது என்பதை நான் அந்த மேடைகளில்தான் கற்றேன்.

இந்துஸ்தானிக் கலைஞரோடு இணைந்து வாசிக்கும் ஜுகல்பந்திக்கு முதன்முதலாக அழைப்பு வந்தபோது பையில் இருந்த எதுவும் உதவவில்லை. இந்துஸ்தானிக் குழலான பன்சுரியைப் பன்னாலால் கோஷ் ஏறத்தாழ 32 அங்குலம்வரை நீட்டி, அதை மந்திர ஸ்தாயி என்ற கீழ்ச் சுரவரிசையில் ஆழமாகப் பேச வைத்தார். கர்நாடகக் குழலுக்கு நீளத்தைக் கொண்டுவந்தவர்களில் என். ரமணி முக்கியமானவர், ஹரிபிரசாத் சௌராசியாவோடு அவர் வாசித்த ஜுகல்பந்திகளைக் கேட்டவர்களுக்கு அதன் பயன் தெரியும். சிக்கல் எங்கே என்றால், எங்கள் விரலமைப்பில் மேலே இரண்டு துளைகளை மூடினால் ஷட்ஜம் (ஸ), அவர்களுக்கு மூன்று. ஆகவே அவர்களுடைய மூன்று கட்டை ஷட்ஜத்தை எங்கள் விரலில் பிடிக்க, அவர்கள் கையில் இருப்பதைவிடவும் நீளமான மூங்கில் வேண்டும். அது வந்து சேர்ந்தது. கடைசித் துளைகளுக்கு விரல் எட்டாமல் மணிக்கட்டு வலிக்க வலிக்கப் பழகினேன். மேடையிலேயே கற்பித்து வாசிக்கும் வேகமான கல்பனாஸ்வரம் அந்தக் குழலில் சேறாகிவிடும். அதில் சுரங்களைக் குறைத்தேன், ஆலாபனை நீண்டது. திரும்பி ஐந்து கட்டைக்கு வந்தபோது என் கச்சேரியும் கொஞ்சம் நிதானப்பட்டிருந்தது. அந்த மாற்றத்தை நான் திட்டமிடவில்லை. நீள மூங்கில் செய்த வேலை.

மேலை இசையோடு கலந்து வாசிக்கும் ஃபியூஷன் மேடையில்தான் தகராறு. கீபோர்டில் ‘ஏ’ சுரம் 440 ஹெர்ட்ஸில் நிலைத்திருக்கும். அரங்கத்தில் ஏ.சி. போட்டால் குழலுக்குள் காற்று குளிர்ந்து என் சுருதி இறங்கும், கீபோர்டு அசையாது. இதை ஊதிச் சரிசெய்யலாம். காந்தாரத்தைச் சரிசெய்வதுதான் கடினம். தம்பூராவோடு இழையும் அந்தர காந்தாரம் கீபோர்டின் காந்தாரத்தைவிடத் தாழ்வானது. ஓர் அரைச்சுர இடைவெளியை நூறாகப் பிரித்தால் அதில் ஏறக்குறைய 14 பங்கு. மோகனத்தில் நான் காந்தாரத்தைப் பிடித்து நிற்க, அடியில் அவர்களுடைய கார்டு, பல சுரங்களைச் சேர்த்து அழுத்துவது, வந்து உட்கார்ந்தால் இரண்டும் உரசி அதிரும். குழலை வெளிப்பக்கம் உருட்டி ஏற்றிக்கொள்வேன். ஏற்றியதும் உரசல் நிற்கும், என் காது கூசும். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தையே விலக்கி வைத்ததைப் பழமைவாதம் என்று சிரித்தவன் நான். ஒத்திகை அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகு சிரிப்பு குறைந்துவிட்டது.

ஒரு ஒத்திகையில் தோடியில் ஒரு சங்கதி வாசித்தேன். கீபோர்டு வாசித்த இளைஞர் திறமைசாலி, காது நல்ல காது. “சார், அந்தக் காந்தாரம் கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்தினால் வரும்?” என்றார். மறுபடி வாசித்தேன். ரிஷபத்தை அழுத்தினார், சாதாரண காந்தாரத்தை அழுத்தினார், மத்யமத்தை அழுத்தினார். ஒவ்வொன்றிலும் நான் அரை நொடி இருந்தேன், எதிலும் நிற்கவில்லை. “மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது, தம்பி” என்றேன். சற்று நேரம் கழித்து அவரே ஒரு வழி சொன்னார்: அந்த இடத்தில் கார்டே வேண்டாம், பேஸ் கிட்டார் ஷட்ஜத்தை மட்டும் பிடிக்கட்டும். அன்று அந்தப் பாட்டு உருப்பட்டது.

நான் பார்த்தவரை பெரும்பாலான ஃபியூஷன் மேடைகளில் ஹம்ஸத்வனி, மோகனம், சிவரஞ்சனி, ஆபோகி என்று சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணம் ரசிகர்களின் ருசி அல்ல. சுரங்கள் குறைவான இந்த ராகங்கள் கீபோர்டில் பெரிய சண்டையில்லாமல் உட்காரும். கமகத்தில் வாழும் ஸஹானா, பேகடா, யதுகுல காம்போதி எல்லாம் வீட்டிலேயே விடப்படுகின்றன. 1970களின் ‘சக்தி’ என்ற ஃபியூஷன் குழு இந்தப் பொறியில் விழாமல் தப்பியது. அங்கே கீபோர்டு இல்லை. ஜான் மெக்லாலின் தன் கிட்டாரின் ஃபிரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கி, தந்தியை இழுத்துக் கமகம் வாசிக்க வழி செய்துகொண்டார். எல். சங்கரின் வயலினும் விக்கு விநாயகராமின் கடமும் ஜாகிர் உசேனின் தபலாவும் தம் இயல்பில் வாசித்தன. நகர்ந்து வந்தது கிட்டார். ஃபியூஷனுக்கு என்னை அழைப்பவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்கும் கேள்வி சம்பளம் அல்ல (அது இரண்டாவது). கீபோர்டு உண்டா, இருந்தால் எந்த இடங்களில் அது பேசாமல் இருக்கும் என்று கேட்கிறேன். சிலர் அதற்குப் பிறகு அழைப்பதில்லை.

அடுத்த ஆண்டு ஒரு செல்லோ கலைஞரோடு சேர்ந்து வாசிக்கப் பேச்சு நடக்கிறது. அவர் எழுதியிருப்பது இரண்டரைக் கட்டையில். அந்தச் சுருதியில் எனக்குப் பிடித்த குழல் ஒரு வெளிநாட்டுப் பயணத்தில், வறண்ட குளிரில், நெடுக வெடித்துவிட்டது; நூல் சுற்றிப் பார்த்தும் காற்று கசிகிறது. புதிதாகச் செய்து தருகிறவர், மூங்கில் இன்னும் காய வேண்டும் என்று நாள் கடத்துகிறார். என்னிடம் இருக்கும் இரண்டு கட்டைக் குழல் நன்றாகப் பேசும். தந்திகளை அரைக் கட்டை இறக்கி என் சுருதிக்கு வர முடியுமா என்று செல்லோக்காரரைக் கேட்டு எழுதினேன். இறக்கிப் பார்க்கிறேன், ஆனால் தோடி வாசிக்க வேண்டும் என்று பதில் போட்டிருக்கிறார்.