காகிதம் கேட்ட சட்டங்கள்

நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகமொன்றின் பதிவாளர் பிரிவில் என் சேவைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. பிறப்பு, இறப்பு, விவாகம் என்று மூன்று சொற்களில் அடங்கிவிடும் வேலைதான் என்றாலும், தோட்டப்புறத்திலிருந்து வருபவர்களுக்கு, அதாவது தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த தமிழரின் வழிவந்தவர்களுக்கு, முதலாவதே பெரும்பாடாக இருந்தது. சேமலாப நிதியைப் பெற வரும் மூதாட்டிக்குச் செக்ரோல் என்னும் தோட்டத்து வேலைப் பதிவேட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். பிறப்புப் பதிவைத் தேடி எடுத்தால் பெயருக்குரிய கூடு வெறுமையாக இருக்கும். பதிவே அகப்படாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் வழங்க வேண்டும். அதற்காக ஜாதகம், ஞானஸ்நானப் பத்திரம், பள்ளிக்கூட விடுகைப் பத்திரம் என்று கையில் உள்ளதையெல்லாம் கொண்டுவரச் சொல்வோம். தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் விவரத்தை எழுதி அனுப்பும் பொறுப்பு தோட்ட நிர்வாகியான துரையுடையது, எழுதியவர் கிளாக்கரையா, பிழைக்கு அலைபவர் மட்டும் தொழிலாளி.

இந்த அலைச்சலை நிர்வாகக் குறைபாடு என்றுதான் அலுவலகத்தில் பேசிக்கொள்வோம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை வாசித்த பிறகு எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அதற்கு முந்திய ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றிருந்தது; வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணை நின்றது. டி. எஸ். சேனநாயக்க அரசாங்கம் கொண்டுவந்த சட்டத்தில் தோட்டத் தொழிலாளி என்றோ இந்தியத் தமிழர் என்றோ யாரையும் பெயர் சொல்லி விலக்கவில்லை. இலங்கையில் பிறந்தவரானாலும் தந்தை இங்கே பிறந்தவராக இருக்க வேண்டும், இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்று மட்டுமே அது கேட்டது. பூட்டனின் பிறப்புக்கு அத்தாட்சி காட்டச் சொன்னால் கிராமத்துச் சிங்களவரிலும் அநேகர் விழித்திருப்பார்கள். ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டில் இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கென வந்த சட்டத்தின் கீழ் விண்ணப்பித்த ஏறத்தாழ 8 இலட்சம் பேரில், ஆறில் ஒரு பங்கினருக்குத்தான் பிரசாவுரிமை கிடைத்தது. வாக்குரிமையும் போயிற்று, 1952 தேர்தலில் தோட்டத்து மக்களின் பிரதிநிதியாக ஒருவர்கூடப் பாராளுமன்றம் செல்லவில்லை.

என் பக்கத்து மேசையில் பல ஆண்டுகள் இருந்தவர், கொத்மலைப் பக்கத்துக் கிராமமொன்றைச் சேர்ந்த சிங்களவர். மத்தியானச் சோற்றைப் பகிர்ந்து உண்ணும் அளவுக்கு நெருக்கமானவர். ஒருநாள் ஒரு பிறப்புப் பதிவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அதிலிருந்த தோட்டத்தின் பெயரில் விரலை வைத்து, இந்த மலை எங்கள் பாட்டன்மார் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்த நிலம், உங்கள் ஆட்கள் வந்ததால் எங்களுக்கு இல்லாமல் போயிற்று என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டது, பன்சலையில், அதாவது பௌத்த விகாரையில் கேட்டது, தேர்தல் மேடையில் கேட்டது. அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை, அதைத் தமிழர்களாகிய நாம் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. கண்டிய விவசாயி நிலம் இழந்தது கட்டுக்கதையன்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும், எதிரானது நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்று எடுத்துக்கொண்டது. கண்டிப் பகுதியில் சேனை நிலத்துக்கு உரிமை கோருபவர் சன்னஸ் போன்ற பட்டயத்தையோ வழக்கமான வரி கட்டியதற்கான அத்தாட்சியையோ காட்ட வேண்டியிருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி எரித்து விதைக்கும் சேனைக்குப் பட்டயம் வைத்திருந்தவர் எத்தனை பேர்? காட்ட முடியாதவரின் மலை கோப்பித் தோட்டக்காரருக்கு விலைபோனது. ஆகவே அவருடைய பாட்டன் நிலத்தை இழந்ததும், என் பாட்டன் நாட்டை இழந்ததும் ஒரே வழியில்தான்: வைத்திருக்க முடியாத காகிதத்தை அரசாங்கம் கேட்டது. நான் இதைச் சொன்னபோது அவர் உடனே ஏற்கவில்லை. கட்டளைச் சட்டத்தின் வாசகத்தைக் கொண்டுவரச் சொன்னார், கொண்டுவந்து கொடுத்தேன், இரண்டு முறை படித்துவிட்டு, இதை ஏன் எங்களுக்கு இஸ்கோலையில் படிப்பிக்கவில்லை என்று மட்டும் கேட்டார்.

படிப்பித்திருந்தால் கணக்கைத் தீர்க்கும் முகவரி மாறியிருக்கும். கம்பெனித் தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையானபோது நிலம் பெரும்பாலும் அரச கூட்டுத்தாபனங்களுக்குப் போனது. 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் தனியாரிடம் சென்றது. அவருடைய கிராமம் அன்றும் இன்றும் தேயிலையால் சூழப்பட்டே இருக்கிறது. நாட்டைவிட்டு அனுப்பப்பட்டவர்கள் மட்டும் தொழிலாளர்கள். 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கைச்சாத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார் நோக்கிப் போன ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர்.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது, 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்தவர், அல்லது அவரது வழித்தோன்றல் என்று பிரகடனம் செய்தால் போதும் என்றாயிற்று. போதும் என்று சொல்லியும் நம்பாமல் சொப்பிங் பையில் மூன்று தலைமுறைக் கடுதாசிகளைக் கொண்டுவந்தார்கள். ஓர் அம்மாவின் பையில், அவருடைய தகப்பனாரின் பழைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதம் நான்காக மடித்த மடிப்பிலேயே கிழிந்திருந்தது. இந்தியாவிலுள்ள ஊருக்குப் போனவர் ஒரு வருடத்துக்கு மேல் தங்கிவிட்டதால் தொடர்ச்சியான வதிவு அறுந்துபோயிற்றாம். இதையும் கோப்பில் சேருங்கள் தம்பி என்று வற்புறுத்தினார். நிராகரித்த கடிதம் எதற்கம்மா என்றால், அப்பா அப்போதே கேட்டார் என்பதற்கு இதுதானே சாட்சி என்றார்.

2023 இல், மலையகத் தமிழர் இங்கே வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்து சென்றார்கள். எங்கள் ஊரிலும் கூட்டம் போட்டார்கள், ஓய்வுபெற்றவன் என்ற முறையில் என்னையும் அழைத்திருந்தார்கள். 1823 இல் கம்பளை சிங்ஹபிட்டியில் தொடங்கிய கோப்பித் தோட்டத்திலிருந்து வரலாறு சொன்னார்கள். சொல்லப்பட வேண்டிய வரலாறுதான். ஆனால் 200 வருடமாக இருக்கிறோம், ஆகவே உரியவர்கள் என்று ஒவ்வொருவரும் முடித்தபோது, வந்த ஆண்டை வைத்து உரிமையை அளக்கும் 1948 இன் கணக்கிலேயே நாமும் விடை எழுதுவதாக எனக்குப் பட்டது. 1823 இல் வராமல் 1930 இல் வந்த குடும்பங்களும் என் பதிவேட்டில் உண்டு, அவர்களுடைய பிள்ளைகளுக்கு இது பொருந்தாதா என்று ஏற்பாட்டாளர்களில் ஒருவரிடம் கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மேடையில் 200 என்ற எண்தான் எடுபடும் ஐயா, அந்தக் கதையை இப்போது எடுக்க வேண்டாம் என்றார். எடுபடும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.