நிலக்கரிக் கப்பலில் போன கேப்டன்

நான் சரக்குக் கப்பலில் செகண்ட் ஆஃபீசர். கடல் வரைபடங்களைத் திருத்தி வைப்பதும் பாதை போடுவதும் என் வேலை. கேப்டன் ஜேம்ஸ் குக் என்றாலே "ஆஸ்திரேலியாவைக் கண்டுபிடித்தவர்" என்று ஆரம்பிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அங்கே மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக இருந்தார்கள். டச்சுக்காரர்கள்கூட 1606லேயே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். குக்கிடம் நான் வியப்பது அவர் கப்பலைக் கையாண்ட விதத்தை.

1728இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பண்ணைக் கூலியின் மகனாகப் பிறந்தவர். கொஞ்ச நாள் கடையில் எடுபிடி வேலை, பிடிக்கவில்லை. பிறகு விட்பி துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பலில் ஏறினார். 1755இல் முதலாளி ஒரு கப்பலுக்குக் கேப்டனாகவே ஆக்குகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அரசுக் கடற்படையில் சாதாரண மாலுமியாகப் போய்ச் சேர்ந்தார் மனிதர். எங்கள் ஆட்கள் யாராவது இப்படிச் செய்தால் வீட்டில் பூசாரியைக் கூப்பிடுவார்கள்.

1768இல் அவரைப் பசிபிக் தீவான தஹிதிக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதை அங்கிருந்து கவனிக்க வேண்டும். அப்புறம் தெற்கே பெரிய கண்டம் ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டும். கிடைத்த கப்பல் 'எண்டெவர்'. அதுவும் விட்பியில் நிலக்கரி ஏற்றக் கட்டியதுதான். நீளம் 106 அடி, உள்ளே 94 பேர். வேகம் கம்மி, அழகும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனால் அடிப்பகுதி தட்டை, கரையேற்றி உட்கார வைக்கலாம். அந்தத் தட்டை அடிதான் பிறகு கைகொடுத்தது.

1770 ஜூன் 11, ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரை. நல்ல நிலா. இரவு பதினோரு மணி ஆகவில்லை. ஈயக்குண்டு விட்டு ஆழம் பார்த்தவன் 17 பாகம் (ஒரு பாகம் ஆறடி) என்று சொல்லியிருக்கிறான். அடுத்த முறை குண்டை வீசுவதற்குள் கப்பல் பவளப் பாரில், அதாவது கடலடிப் பவளப் பாறைத் திட்டில், ஏறிவிட்டது. அதுவும் கடல் ஏற்றத்தின் உச்சத்தில். தரை தட்டுவதிலேயே மோசமான நேரம் அது. அதற்கு மேல் தண்ணீர் வடியத்தான் செய்யும்.

பாரத்தைக் குறைக்க ஆறு பீரங்கிகள், அடிபாரமாக வைத்திருந்த இரும்பு, கல், பீப்பாய்கள் என்று 40, 50 டன் கடலுக்குள் போனது. மறுநாள் காலை ஏற்றத்தில் கப்பல் மிதக்கும் என்று காத்திருந்தார்கள். தண்ணீர் ஒன்றரை அடி குறைவாகவே ஏறியது. அடியில் ஓட்டை விழுந்து உள்ளே புகுந்த தண்ணீரை இறைக்க இருந்த நான்கு பம்புகளில் மூன்றுதான் வேலை செய்தன. கூட வந்த பணக்காரத் தாவரவியலாளர் ஜோசப் பேங்ஸ் உட்பட எல்லோரும் முறைபோட்டு அடித்தார்கள். இரவு ஏற்றத்தில் இழுத்தால் ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்து மூழ்கலாம், இழுக்காவிட்டால் பாரிலேயே உடையும். படகுகளில் எல்லோருக்கும் இடமில்லை. குக் இழுக்கச் சொன்னார். பத்து மணிக்கு மேல் கப்பல் மிதந்தது. அந்த நேரத்திலும் மாலுமிகள் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வரவில்லை என்று பேங்ஸ் எழுதி வைத்திருக்கிறார். மாலுமிகளோடு பழகியவனாகச் சொல்கிறேன், எனக்கு அதுதான் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

ஓட்டையை அடைக்க வழி சொன்னது ஜோனதன் மங்க்ஹவுஸ் என்ற இளம் மிட்ஷிப்மேன், அதாவது பயிற்சி அதிகாரி. தோணிக்குக் கலப்பத்து அடிப்பதென்றால், அதாவது பலகை இடுக்கை நார் வைத்து அடைப்பதென்றால், கரையில் ஏற்றி நிதானமாகச் செய்யலாம். இங்கே மிதக்கிற கப்பலுக்கு வெளியிலிருந்து செய்ய வேண்டும். கயிற்று நாரையும் கம்பளியையும் பொடியாக நறுக்கி, பழைய கப்பல் பாய் ஒன்றில் பிடி பிடியாக ஒட்டி, மேலே ஆட்டுச் சாணத்தைப் போட்டு, கயிறு கட்டிக் கப்பலின் அடியில் இழுத்தார்கள். தண்ணீர் உள்ளே பாயும் வேகமே அந்தக் கலவையை ஓட்டைக்குள் இழுத்துக்கொண்டது. பிறகு ஒரு பம்பே போதுமாக இருந்தது. ஆற்று முகத்துவாரத்தில், இன்றைய குக்டவுனில், கப்பலைக் கரையேற்றிப் பார்த்தால் உடைந்த பவளத் துண்டு ஒன்று ஓட்டையிலேயே செருகி நின்றிருந்தது. அதிர்ஷ்டமும் கொஞ்சம் வேண்டும்.

ஏறக்குறைய ஏழு வாரம் அங்கே தங்கினார்கள். அது கூகு யிமிதிர் மக்களின் நிலம். கப்பல்காரர்கள் நிறைய ஆமைகளைப் பிடித்து வைத்திருந்தார்கள். தங்களுக்கும் ஒன்று கேட்டார்கள் அந்த மக்கள், கப்பல்காரர்கள் தர மறுத்தார்கள். அந்த மக்கள் கொள்ளியை எடுத்துக் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தார்கள். குக் துப்பாக்கியால் சுட்டார். அதன்பின் முனையில்லாத ஈட்டியோடு ஒரு முதியவர் வந்து சமாதானம் பேசினார். யாருடைய கடல், யாருடைய ஆமை என்று யோசித்தால் அந்தப் பெரியவருக்குத்தான் மதிப்பெண் போடுவேன்.

நியூசிலாந்தைச் சுற்றி ஆறே மாதத்தில் குக் போட்ட வரைபடமும் இந்தப் பயணத்தில்தான். ஒரு தீபகற்பத்தைத் தீவாகவும், ஒரு தீவைத் தீபகற்பமாகவும் குறித்துவிட்டார். மற்றபடி கரையின் வடிவம் அசத்தல். அப்போது அவரிடம் நம்பகமான கடல் கடிகாரம் கிடையாது, நிலாவுக்கும் சூரியனுக்கும், அல்லது நிலாவுக்கும் விண்மீனுக்கும், இடையிலான கோணத்தை அளந்துதான் தீர்க்கரேகை போட்டார்.

இரண்டாம் பயணத்தில் அண்டார்டிக் வட்டத்தைத் தாண்டி 71 டிகிரி தெற்கு வரை போய்வந்தார். மூன்றாம் பயணத்தில் ஆளே மாறிவிட்டார். 1777இல் மூரேயா தீவில் காணாமல்போன ஓர் ஆட்டுக்காக வீடுகளையும் படகுகளையும் கொளுத்தினார். அவருடைய 'ரெசல்யூஷன்' கப்பலைத் துறைமுகத்தில் அரைகுறையாகத்தான் பழுதுபார்த்து அனுப்பியிருந்தார்கள். 1779 பிப்ரவரியில் ஹவாயிலிருந்து கிளம்பியதும் முன்பாய்மரம் முறிய, கீலகேகுவா விரிகுடாவுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. அங்கே ஒரு படகு திருட்டுப் போனது. அதை மீட்க, அரசர் கலனியோபுவைப் பிணையாகப் பிடித்துவரக் கரையிறங்கினார். பிப்ரவரி 14 அன்று கரையிலேயே கொல்லப்பட்டார். பாரில் மாட்டிய இரவில் ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்தவர், அன்று காலை கொஞ்சமும் யோசிக்கவில்லை.

அடுத்துப் பொறுப்பேற்ற சார்லஸ் கிளெர்க் காசநோயோடு மறுபடி வடக்கே போனார். கம்சட்காவிலிருந்து அவர் அனுப்பிய கடிதம் தரைவழியாக ரஷ்யாவைக் கடந்து 1780 ஜனவரியில் லண்டன் சேர்ந்தது. குக்கின் மனைவி எலிசபெத்துக்குச் சேதி தெரிந்தது அப்படித்தான். கப்பல்கள் ஊர் திரும்ப அக்டோபர் ஆகிவிட்டது. கிளெர்க்கும் அவற்றில் வரவில்லை.