அம்புக்குறி இடம் மாறியபோது

வர்த்தக வரைபட மென்பொருளைத் தேடத் தொடங்கியபோது, திரை எவ்வளவு தெளிவாக இருக்கிறது, எத்தனை இண்டிகேட்டர்கள் (விலையைக் கணக்கிட்டு வரைபடத்தில் காட்டும் குறியீடுகள்) கூடவே வருகின்றன என்பதைத்தான் பார்த்தேன். அந்தப் பார்வையை மாற்றியது, விலையின் ஏற்ற இறக்க வேகத்தை 0 முதல் 100 வரையிலான எண்ணாகக் காட்டும் ஆர்எஸ்ஐ என்ற இண்டிகேட்டர். ஒரே பங்கு, ஒரே நாள், இரண்டு மென்பொருள்களிலும் 14 நாள் என்ற ஒரே அமைப்பு. ஒன்று 31 என்றது, மற்றொன்று 27 என்றது.

இரண்டு நாள் குழம்பிய பிறகுதான் காரணம் பிடிபட்டது. 1978இல் வெல்ஸ் வைல்டர் வெளியிட்ட முறைப்படி, ஏற்றத்தின் முந்தைய சராசரியை 13ஆல் பெருக்கி, இன்றைய ஏற்றத்தைக் கூட்டி, 14ஆல் வகுக்க வேண்டும். இறக்கத்துக்கும் அதே கணக்குதான். இதனால் பழைய விலைகளின் தாக்கம் ஒரேயடியாக மறையாமல், கொஞ்சங்கொஞ்சமாகவே தேய்கிறது. இரண்டாவது மென்பொருளோ 40 கேண்டில்களை (ஒவ்வொன்றும் ஒரு காலப்பகுதியின் விலையைக் காட்டும் குறி) மட்டும் ஏற்றிக்கொண்டு கணக்கைத் தொடங்கியிருந்தது. அதில் ஓராண்டுத் தரவை ஏற்றியதும் இரண்டு எண்களும் ஒன்றாயின. அன்றிலிருந்து எந்த மென்பொருளிலும் பழைய தரவு எவ்வளவு கிடைக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அடுத்தது, தனி இண்டிகேட்டர். மெட்டாட்ரேடர் 4 என்ற வர்த்தக மென்பொருளுக்காக ஒருவரிடம் பணம் கொடுத்து ஒன்றை வாங்கினேன். பழைய வரைபடத்தில் ஒவ்வொரு உச்சியிலும் விற்பனை அம்பு, ஒவ்வொரு பள்ளத்திலும் வாங்கும் அம்பு என்று கச்சிதமாக நின்றது. அந்தக் கச்சிதமே என்னை உறுத்தியிருக்க வேண்டும். கிடைத்தது தொகுக்கப்பட்ட இஎக்ஸ்4 கோப்பு மட்டுமே; படித்துப் பார்க்கக்கூடிய எம்க்யூ4 மூலநிரல் தரப்படவில்லை. நேரடிச் சந்தையில் அம்பு தோன்றியதும் திரையைப் படம்பிடித்து வைத்தேன். விலை மேலும் ஏறியது. சற்று நேரத்தில் அதே அம்பு மூன்று கேண்டில்கள் தள்ளி, புதிய உச்சியின் மேல் உட்கார்ந்திருந்தது. இதைத்தான் ரீபெயின்ட் என்கிறார்கள். பழைய விலைகளை மறுபடி ஓட்டிச் சோதிக்கும் ஸ்ட்ராட்டஜி டெஸ்டரின் காட்சி முறையில் ஓட்டியபோது, அம்புகள் முளைப்பதும் மறைவதும் கண்ணெதிரே தெரிந்தன. வாங்கும் முன்பே செய்திருக்க வேண்டிய சோதனை அது.

முடிவில் டிரேடிங்வியூ என்ற வரைபடத் தளத்துக்கு மாறினேன். அங்கும் மூலநிரல் மறைக்கப்பட்ட ஸ்கிரிப்டுகள் உண்டு. அவற்றை ஒதுக்கிவிட்டு, திறந்த நிரல் கொண்டவற்றை மட்டும் எடுத்து, அத்தளத்தின் நிரல்மொழியான பைன் ஸ்கிரிப்டைக் கற்றுக்கொண்டேன். உச்சியைக் கண்டுபிடிக்கும் பிவட்ஹை செயற்கூற்றில் வலப்பக்கம் 5 என்று கொடுத்தால், ஐந்து கேண்டில்கள் கடந்த பிறகே அது உச்சி என்று உறுதியாகும். நான் எடுத்த ஸ்கிரிப்டில், குறியை இடம் நகர்த்தும் ஆஃப்செட் மைனஸ் 5 என்று இருந்ததால், குறி பின்னோக்கிப் போய், அப்போதே தெரிந்துவிட்டதுபோல உச்சியிலேயே விழுந்தது. அந்த ஆஃப்செட்டை நீக்கினேன். இப்போது அம்பு தாமதமாக, சில சமயம் எரிச்சலூட்டும் அளவுக்குத் தாமதமாக வருகிறது. ஆனால் கேண்டில் முடிந்தபின் வந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.