மைக்கை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்

ஏப்ரல் 2 வந்துவிட்டால் ஊருக்கு ஊர் ஆட்டிச விழிப்புணர்வு ஊர்வலம் கிளம்பிவிடுகிறது. ஐ.நா. பொதுச்சபை 2007 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்ற, 2008 முதல் கடைப்பிடிக்கப்படும் நாள் அது. ஆட்டிசம் என்பது மற்றவர்களோடு பழகுவதும் பேசுவதும் வேறுவிதமாக இருக்கும் ஒரு மூளை வளர்ச்சி நிலை. முன்னால் பறை, நடுவில் நீல பலூன், பின்னால் ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி, தலைக்கு மேல் பங்குனி வெயில். அந்தக் கூட்டத்துக்குள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஒரு பிள்ளை நிற்கும். அதன் அம்மா "இதோ முடிஞ்சிடும் கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இழுத்துப்போவார். எங்கோ ஒரு பலூன் வெடிக்கும். பிள்ளை தரையில் உட்கார்ந்துவிடும். சுற்றி நிற்பவர்கள் அதை அடம் என்று நினைப்பார்கள். ஆட்டிசத்தைப் பற்றி அன்று ஊர் கற்றுக்கொண்ட பாடம் அதுவாகவே போய்விடும். ஓவியப் பட்டறை, கண்காட்சி, தெருநாடகம், சுவர் ஓவியம் என்று விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் இதை எப்படித் தவிர்க்கலாம் என்று பார்ப்போம்.

சத்தம், வெளிச்சம், தொடுகை ஆகியவற்றை அளவுக்கு மிஞ்சியோ மிகக் குறைவாகவோ உணர்வது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று. 2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற நோயறிதல் கையேடு அதை வரையறைக்குள்ளேயே சேர்த்துவிட்டது. ஆகவே நிகழ்ச்சித் திட்டத்தில் மேடைக்கு முன்பே முடிவாக வேண்டியது அமைதி இடம். பத்துக்குப் பத்து அடி போதும். மூன்று பக்கமும் தடித்த துணி, தரையில் பாய், தண்ணீர், இரண்டு மூன்று காதுமூடிகள். தொழிற்சாலைகளில் மாட்டிக்கொள்ளும் அதே காதுமூடிதான். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அங்கே இருக்கும் தன்னார்வலர் தானாகப் பேச்சுக் கொடுக்கக் கூடாது; பிள்ளை வந்து கேட்டால் மட்டும் பதில். பலரும் செய்யும் தவறு, மின் இணைப்பு வசதிக்காக இந்த இடத்தை ஜெனரேட்டர் பக்கத்திலோ மைக் செட்காரர் பக்கத்திலோ வைத்துவிடுவது. மைதானத்தின் எதிர்மூலைக்குத் தள்ளிவிட்டு, மின்விசிறிக்குத் தனி வயர் இழுப்பதே நல்லது.

ஓவியப் பட்டறையில் முதல் சிக்கல் வண்ணம் அல்ல, ஈரம். விரலில் ஈரப்பசை பட்டாலே சில பிள்ளைகள் துடித்துப்போவார்கள். "தொட்டுப் பார், ஒண்ணும் ஆகாது" என்று கையைப் பிடித்து அமுக்கினால், அந்தப் பிள்ளை அடுத்த முறை அறைக்குள்ளேயே வராது. ஜிப் கவருக்குள் இரண்டு மேசைக்கரண்டி வண்ணக் குழம்பை ஊற்றி, காற்றை வெளியேற்றி, வாயை செல்லோ டேப்பால் இரண்டு சுற்று ஒட்டி, மேசையில் படுக்கவைத்து நான்கு ஓரத்தையும் டேப் போட்டு நிறுத்திவிட்டால், கை நனையாமலே விரலால் கோடு இழுக்கலாம். கரண்டிக் கணக்கு மீறினால் கவர் உப்பி வெடித்துவிடும். வெடித்தால் அன்றைய வகுப்பு அதோடு சரி. அடுத்த படி, கைப்பிடி உள்ள ஸ்பாஞ்ச். அல்லது துணிக் கிளிப்பில் கவ்வவைத்த பஞ்சுத் துண்டு. தூரிகை அதற்குப் பிறகு.

எதையும் வாயில் வைக்கும் பிள்ளைகளுக்குக் கடை வண்ணம் வேண்டாம். ஒரு கப் அரிசி மாவை மூன்று கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிண்டிக் கஞ்சிப் பதத்தில் இறக்கி ஆறவிட வேண்டும். மஞ்சள் தூள், பீட்ரூட் சாறு, பசலைக் கீரைச் சாறு என்று பிரித்துக் கலந்தால் மூன்று நிறம். கோடையில் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்; மறுநாள் புளித்த வாடை வரும். வாசனை பொறுக்காத பிள்ளைகளுக்கு அதுவே பெரிய தொல்லை. மஞ்சள் கறை போகாது என்று பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வகுப்பை இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்கத் தேவையில்லை. சுவரில் நான்கு படங்கள் வரிசையாக இருக்கட்டும்: உட்கார், வரை, கை கழுவு, விளையாடு. ஒன்று முடிந்ததும் அந்தப் படத்தைப் பிள்ளையே எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் குறையும். கையை மேலே தூக்கிக் கத்தும் பிள்ளையிடம் "என்ன வேணும்?" என்று பத்து முறை கேட்பதைவிட, "போதும்" என்று ஒரு பட அட்டையை அதன் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பது பயன் தரும். அதை எடுத்துக் காட்டினால் உடனே நிறுத்த வேண்டும். ஒரே ஒரு முறை மீறினாலும் அந்த அட்டைக்கு மதிப்புப் போய்விடும்.

கண்காட்சி நெருங்கும்போது ஒரு சபலம் வரும். சிறப்பாசிரியரோ பெற்றோரோ பிள்ளையின் கைமேல் கைவைத்து அழகான மயில் ஒன்றை வரைந்து முடித்துவிடுவார்கள். பார்க்க வருகிறவர்கள் மெச்சுவார்கள். ஆனால் அது பெரியவர்கள் வரைந்த மயில். எழுபது வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருக்கும் தாளில்தான் பிள்ளையின் கை இருக்கிறது. அந்தத் தாளைத்தான் சட்டம் போட்டு மாட்ட வேண்டும். கீழே ஒட்டும் சீட்டில் நோயறிதலையும் ஐ.க்யூ. எண்ணையும் எழுதாதீர்கள். "மின்விசிறி சுற்றுவதைப் பார்க்கப் பிடிக்கும், நீலப் பென்சிலை மட்டும் எடுப்பாள்" என்று எழுதினால், பார்ப்பவர் திரும்பவும் அந்தப் படத்தைப் பார்ப்பார். பெயர் போடலாமா, படத்தை விற்கலாமா என்று பெற்றோரிடம் மட்டும் கேட்டால் போதாது. பேச்சு வராத பிள்ளையும், தாளை நம்மிடம் நீட்டுவதிலும் மார்போடு அணைத்துக்கொள்வதிலும் பதில் சொல்லிவிடும்.

இன்னொரு தொல்லை "தனித்திறமை". ஹெலிகாப்டரில் சிறிது நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு நகரங்களை நினைவிலிருந்தே வரைகிற லண்டன் ஓவியர் ஸ்டீபன் வில்ட்ஷயர், 2005-இல் டோக்கியோவைச் சுமார் பத்து மீட்டர் நீளத் திரையில் வரைந்தார். அந்தக் காணொளியைக் கண்காட்சி வாசலில் ஓடவிடுகிறார்கள். உள்ளே வரும் பாட்டி தன் பேரனைக் காட்டி, "இவனுக்கு என்ன சக்தி இருக்கு?" என்று கேட்கிறார். அப்படிப்பட்ட திறமை சிலரிடம் மட்டுமே உண்டு. எல்லாப் பிள்ளைகளிடமும் அதைத் தேடினால், எதிலும் மேதையாக இல்லாத பிள்ளை இரண்டாம் முறை தோற்றவனாகிறான். வாசலில் அந்தக் காணொளி வேண்டாம்.

தெருநாடகத்துக்கு வருவோம். ஆட்டிசப் பிள்ளையாக ஒரு நடிகரை நிறுத்தி, கையை உதறவும் குதிக்கவும் வைத்தால் முதல் நிமிடத்திலேயே சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பை நாடகத்தின் கடைசி வசனத்தால் அழிக்க முடியாது. அந்தப் பாத்திரத்துக்கு ஆள் வேண்டாம். ஒரு காலி நாற்காலி போதும். ஆறு பேர் அதைச் சுற்றி நின்று, குக்கர் விசில், மிக்சி, டிவி விளம்பரம், பைக் ஹாரன், "பேரு சொல்லு, பேரு சொல்லு" என்று அதட்டும் மாமா, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாயாலேயே எழுப்ப வேண்டும். நாற்பது விநாடி. பார்ப்பவர்களின் கை தானாகக் காதுக்குப் போகும். அங்கே சட்டென்று நிறுத்தி, அந்தக் கையைக் காட்ட வேண்டும். சத்தம் வரப்போகிறது என்று முன்கூட்டியே அறிவித்து, வேண்டியவர்கள் விலகிப்போக இரண்டு நிமிடம் கொடுப்பது கட்டாயம்.

இதோடு முடித்தால் "ஐயோ பாவம்" என்று கலைந்துபோவார்கள். ஆகவே அதே வீட்டை மறுபடி காட்ட வேண்டும். இம்முறை மிக்சி போடுமுன் அம்மா "மிக்சி போடப்போறேன்" என்கிறாள். அக்கா டிவியை அணைக்கிறாள். மாமா கேள்வியை ஒரு தடவை கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருக்கிறார். வீட்டுக்குப் போய்ச் செய்ய மூன்று வேலை கிடைத்துவிட்டது. மொத்தம் பதினைந்து நிமிடம். மாலை ஐந்தரைக்கு மேல், கல்லூரி மாணவர்கள் மட்டுமல்ல, ரேஷன் கடைக்கும் அங்கன்வாடிக்கும் வருகிற தாத்தா பாட்டிகளும் நிற்கும் இடமாகப் பார்க்க வேண்டும். "இவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்று தள்ளிப்போடுவதும், நாக்கில் வசம்பு தடவிப் பார்க்கலாம் என்பதும் பெரும்பாலும் அவர்களின் பாசத்திலிருந்து வருகிறவை. மேடையிலிருந்து அவர்களைக் கேலி செய்தால் பிள்ளையை மருத்துவமனைக்கு அனுப்பும் கையை நாமே தட்டிவிடுகிறோம். "வசம்பும் தடவுங்க, டாக்டரிடமும் காட்டுங்க" என்று சொல்லவும் எனக்கு மனம் வராது. வசம்பு பிள்ளைகளுக்கு நல்லதல்ல. "முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள்" என்று தொடங்குவது எடுபடுகிறது. பேச்சு தாமதமானால் செவித்திறன் சோதனை எப்படியும் செய்தாக வேண்டியதுதான்.

சுவர் ஓவியத்துக்கு ஒரு சுவருக்கு ஒரு செய்தி. ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை; ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டவில்லை; இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை; வந்த பேச்சு எந்த வயதிலும் நின்றுபோனது. டாக்டரிடம் காட்ட வேண்டிய இந்த நான்கு அறிகுறிகளும் நான்கு சுவர். ஒரே சுவரில் எழுதினால் யாரும் படிப்பதில்லை. சாலைக்கு அந்தப் பக்கம், நாற்பது அடி தள்ளி நின்று படிக்க எழுத்து நான்கு அங்குலமாவது வேண்டும். புதுப்பூச்சு நான்கு வாரம் காய வேண்டும். அவசரப்பட்டால் சுண்ணாம்புக் காரம் வண்ணத்தைத் தின்றுவிடும். இருபதுக்குப் பத்து அடிச் சுவருக்கு, பிரைமருக்கு மேல் வெளிப்புற எமல்ஷன் இரண்டு கோட் அடிக்க நான்கு லிட்டர் ஆகும். ஆட்டிசத்துக்கு அடையாளமாகப் பலரும் போடும் புதிர்த் துண்டுச் சின்னத்தைத் தவிர்ப்பது என் விருப்பம். 1963-இல் லண்டனில் பெற்றோர் சங்கம் ஒன்றுக்காக வரையப்பட்டது அது. முதல் வடிவத்தில் நடுவே அழும் குழந்தை இருந்தது. ஆட்டிச நிலையில் வாழும் பெரியவர்கள் பலர், தங்களைத் தீராத புதிராகக் காட்டுகிறது என்று அதை ஏற்பதில்லை. சொல்லிலும் கவனம் வேண்டும். அரசு ஆவணங்களில் காணும் "புற உலகச் சிந்தனையற்ற" என்ற அடைமொழியைச் சுவரில் ஏற்றாதீர்கள். மின்விசிறியின் சத்தம் மாறியதை வீட்டில் முதலில் கண்டுபிடிப்பது அந்தப் பிள்ளைதான்.

நாடகம் முடிந்த இடத்தில் ஒரு மேசை. அங்கே யாருக்கும் "உங்க பையனுக்கு ஆட்டிசம்" என்று சொல்லக் கூடாது. கொடுக்க வேண்டியது உள்ளங்கை அளவு சீட்டு: வளர்ச்சித் தாமதத்தைச் சிறு வயதிலேயே கண்டறிந்து உதவும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள தேசிய நிறுவனம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. அடையாள அட்டை வாங்க முடியும். மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. பதினெட்டு வயதான பிறகு சட்டப்படியான காப்பாளர் நியமனத்துக்கு ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். கடைசிச் செய்தி பெற்றோர் பலரை எட்டுவதே இல்லை.

சீட்டுகளில் வரிசை எண் போட்டு, அந்த இடையீட்டு மையத்தில் ஒரு பெட்டி வைத்து, வருகிறவர்களிடம் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். எந்தத் தெருவில் கொடுத்த சீட்டு வந்தது, எது வரவில்லை என்று தெரிந்தால்தான் அடுத்த நாடகத்தை எங்கே போடுவது என்று முடிவெடுக்க முடியும். சுவரில் தொலைபேசி எண்ணை வண்ணத்தால் எழுதாமல், திருகாணி போட்ட சிறு தகரப் பலகையில் எழுதி மாட்டுங்கள். அலுவலகம் மாறும், எண் மாறும். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு நாள் எல்லாச் சுவரையும் சுற்றிவந்து, ஒவ்வொரு எண்ணையும் அழைத்துப் பார்த்து, எடுக்காத பலகையைக் கழற்றிவிட வேண்டும்.